புள்ளி மொச்சை விளைந்த இடம்

பெற்ற பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் ஒரு தாய் முப்பது வருஷத்துக்கு மேல் சமைத்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நாலு பேரோடு சிரித்துப் பேசி வாழ முடியுமா என்று கேட்டால், முடியும். நான் வாழ்ந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போவதில்லை. பச்சைக் குழந்தை செத்தால் அதைச் சுடுகாட்டுக்கே கொண்டு போக மாட்டார்கள். பால்மரக் காட்டுக்குள் எங்கேயாவது ஓர் ஒதுக்குப்புறம் பார்த்துப் புதைத்துவிட்டு, ஆண்கள் ஓடையில் குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

எனக்கு முதலில் பிறந்தது ஆண் குழந்தை. பேர் வைக்கிற நாள் வருவதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டது. என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரு மத்தியானம் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவரிடம், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "அத கேக்காத" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

அவர் ஒரு கல்லுளிமங்கன். நான் அப்படியில்லை. பேசியே தீர்ப்பவள். நான் வேலை செய்த தொழிற்சாலையில் என் குரல் கேட்டால் சூப்பர்வைசர் வேறு பக்கம் போய்விடுவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய் அடங்கிவிட்டது. கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன், அழுதிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணிக்கு வந்து தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினோம். பெண்கள் படித்துக் கல்யாணமாகிப் போனார்கள். கேட்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஆனால் ஆசை நிற்கவில்லை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, தாமானுக்குப் பக்கத்தில் கூடும் காலைச் சந்தைக்குப் போயிருந்தேன். பாலிங் ரோட்டுப் பக்கத்திலிருந்து மோட்டாரில் வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி அங்கே ஓரமாகச் சாக்கு விரித்துக் கடை போடுவாள். காட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பதெல்லாம் அவளிடம் இருக்கும். கொத்துக் கொத்தாகப் பெத்தாய் அவரை, வாளி நிறைய ஜெரிங் கொட்டை, அவித்த பலாக்கொட்டை, முந்திரிக் கொழுந்து. அன்றைக்குச் சாக்கின் மூலையில், ஒரு பழைய பேப்பரின் மேல் சின்னக் குவியலாக வேறொன்றும் இருந்தது. பார்த்ததும் நான் குனிந்தேன். குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புள்ளி மொச்சை. வெள்ளை உடம்பு, அதன் மேல் யாரோ பேனாவை உதறிச் சிவப்பு மை தெளித்த மாதிரி புள்ளிகள். கொட்டையின் கண் இருக்கும் பக்கம் புள்ளிகள் நெருங்கி ஒரே சிவப்பாகிவிடும். ஒரு கொட்டை மாதிரி இன்னொன்று இருக்காது. பெண்டாங் வயல்கரையில் என் அம்மா இதை வேலியில் ஏற்றி வளர்த்தார். நான் கல்யாணமாகித் தோட்டத்துக்குப் போனபோது, ஒரு பால்மாவு டின் நிறைய இந்த விதையைக் கொடுத்தனுப்பினார். "பொண்ணுக்குத் தங்கம் போடச் சொன்னா மொச்சக்கொட்டையப் போட்டு அனுப்பிட்டாங்க" என்று என் மாமியார் லயத்தில் வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தார். சிரித்தவர்தான் அந்தக் கொட்டையைப் போட்டு வைத்த புளிக்குழம்பை இரண்டு நாள் வைத்திருந்து தின்றார். நகரத்துக்கு வந்த பிறகு எந்தச் சந்தையிலும் நான் அதைக் கண்டதில்லை. கடையில் விற்பதெல்லாம் வெறும் வெள்ளை மொச்சை.

குவியல் முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். இந்த மொச்சையை அப்படியே சமைக்கக்கூடாது. ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டாமல் தின்றால் தலை சுற்றும், வாந்தி வரும். "மொதத் தண்ணி மண்ணுக்கு, ரெண்டாந் தண்ணிதான் மனுசனுக்கு" என்பார் என் அம்மா. அன்றைக்கு நான் கொட்டிய முதல் தண்ணீர், கறி கழுவிய தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. அம்மா வீட்டிலும் அப்படித்தான் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மத்தியானம் சாப்பாடு போட்டேன். என் கணவர் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காதவர். அவர் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். பிறகு கை நின்றுவிட்டது. கொட்டை ஒன்றை எடுத்துச் சோற்றைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்க வாங்குன இத?"

"பசார்லதான். ஏன், ருசியா இல்லயா?"

"யாரு வித்தா?"

"யாரோ ஒரு தங்கச்சி. நான் என்ன அவ வெலாசமா கேட்டேன்?"

அவர் குழம்பிலிருந்த மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வெளியே போய், காடி என்று நாங்கள் சொல்லும் காருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. எதற்கு அப்படி நடந்துகொண்டார் என்று புரியவில்லை. அவர் ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து நானே தின்றேன்.

சில நாள் கழித்துச் சமையலறையைப் பெருக்கும்போது கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பின்னால் பச்சையாக ஏதோ தெரிந்தது. அன்றைக்கு ஊறப்போடப் பொறுக்கும்போது தெறித்து விழுந்த பச்சை மொச்சை ஒன்று முளைத்திருந்தது. தண்ணீர் படாத மூலை அது. வேர், தரையில் இரண்டு ஓட்டுக்கு நடுவிலிருந்த கீறலுக்குள் இறங்கியிருந்தது. தண்டு வளைந்து, மூடிய இரண்டு இலையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, வாசல் இருக்கும் திசையைப் பார்த்து நின்றது. வெளிச்சம் அந்தப் பக்கம்தான், அதனால் அப்படி வளைந்திருக்கும். பிடுங்கப் போனேன்.

"பிடுங்காத" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் அந்த மூலை ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஊற்றியது அவர்தான் என்று தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூச்செடிக்கே தண்ணீர் ஊற்றாத மனிதர் அவர்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு போனேன்.

"தங்கச்சி, இந்த மொச்சக்கொட்ட எங்க வெளையுது?"

"யாரும் போடலக்கா. தானா மொளைக்குது, எங்க தோட்டத்துல." அவள் தோட்டத்தின் பேரைச் சொன்னாள். நாங்கள் இருந்த தோட்டம்தான் அது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அது நான் போட்ட வெததான். லயத்துக்குப் பின்னால நான்தான் போட்டிருந்தேன்."

அவள் தலையாட்டினாள். "லயமெல்லாம் இடிச்சு, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு வருசக் கணக்காச்சுக்கா. அங்க ஒரு கொடியும் இல்ல. இது ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டுல."

"மேட்டுலயா? அங்க யாரும் குடியிருந்ததே இல்லயே."

"அதான் எனக்கும் புரியல. செம்பனையில ஒரே ஒரு நெரையில மட்டும்தான் இருக்கு. களைக்கு மருந்து அடிக்கிறாங்க, கருகிப் போவுது, மறுபடியும் அதே எடத்துல வருது. என் வீட்டுக்காரரே நாலஞ்சு தடவ அடிச்சிட்டாரு." அவள் பெத்தாயைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் எடுக்கறப்ப, 'எடுத்துக்கறேன்ப்பா'ன்னு சொல்லிட்டுத்தான்க்கா எடுப்பேன்."

"நீ சாப்புடுவியா?"

"ஐயோ, நான் தொட மாட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் வித்தியே!"

"நீங்கதான அள்ளிக்கிட்டுப் போனீங்க?" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "மத்தியானத்துல அங்க காத்தே இருக்காதுக்கா. ஆனா கொடி ஆடும். காஞ்ச காய்க்குள்ள கொட்ட உருளும் பாருங்க, கொழந்தைங்க கையில வச்சு ஆட்டுமே, அந்த மாதிரி சத்தம். ஒரு தடவ பறிச்சிட்டுத் திரும்புறேன், சத்தம் பின்னாலயே வருது. என் பையிலதான் ஆடுதுன்னு நெனச்சு நின்னேன். பை ஆடல. சத்தம் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் நின்னுச்சு. நடந்தா மறுபடி ஓடை வரைக்கும் வந்துச்சுக்கா. பாலம் ஏறுனதும் காணோம்."

ஜெரிங் வாங்க வந்த மலாய்க்கார அம்மாவுக்கு அவள் எடை போட்டுக் கொடுக்கும் வரை நின்றேன். பிறகு அவளே சொன்னாள். "இனிமே கெடைக்காதுக்கா. அந்த மேட்டுல ரோடு போடப் போறாங்க. செவப்புத் துணி கட்டிக் குச்சி நட்டுட்டாங்க. அடுத்த மாசம் மண்ணு தோண்டப் பேக்கோ வருது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், எல்லாரும் நடமாடும் சந்தைக்கு நடுவில், எனக்கு அது உறைத்தது. என் மாமியார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதைகுழியில் நவதானியம் போடுவார்கள். பெரியவர்கள் செத்தால் பச்சையாகப் போடுவார்கள், முளைத்தால் வம்சம் தழைக்கும் என்று. பேர் வைக்காத பிள்ளை செத்தால் மட்டும் தானியத்தை வறுத்துத்தான் போடவேண்டும். வறுத்து முடிந்ததும் பிள்ளையின் காதருகே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "இது மொளைக்கிறப்ப நீ வீட்டுக்கு வா." வறுத்தது முளைக்காது. அதனால் பிள்ளை திரும்பி வராது, அதே வயிற்றில் பிறந்து மறுபடியும் சாகாது. ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது. பெரியவர்கள் சொன்னதை நம்பிக்கொண்டு அங்கேயே காத்திருக்கும். தூங்காத குழந்தையிடம், அப்பா வரும்போது மிட்டாய் வாங்கி வருவார் என்று பொய் சொல்வோமே, அப்படித்தான்.

அன்றைக்குத் தோட்டத்துக் கடையில் நவதானியத்துக்கு மொச்சை இல்லை. மாமியார் என் பால்மாவு டின்னைத் திறந்து எடுத்தார். நான் பச்சை உடம்போடு அறைக்குள் சுருண்டு கிடந்தேன். அடுப்பில் சட்டி காய்வது கேட்டது. மொச்சை வெடித்து மணத்தது. எனக்குப் பசித்தது. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அந்த வாசத்தில் எனக்குப் பசித்தது. அதற்காக என் வயிற்றின் மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுசாக ஆறவில்லை.

புள்ளி மொச்சை வைத்திருந்தது அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான். மேட்டுப் பக்கம் அதைக் கொண்டு போனவர்கள் அன்றைக்குப் போன இரண்டு ஆண்கள்தான். ஆனால் கொண்டு போனது வறுத்த கொட்டை. வறுத்த கொட்டை எப்படி முளைக்கும்?

அதற்குமேல் யோசிக்கவேண்டாம் என்றுதான் பார்த்தேன். யோசனை நிற்கவில்லை. அந்தக் கொடியின் வேர் எதைத் தொட்டு வளர்ந்தது, நான் போன வாரம் புளிக்குழம்பு வைத்து எதைத் தின்றேன் என்று கேட்டது மனசு. ஒரு கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்திக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வயிறு அமைதியாக இருந்தது. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டுலதான வச்சீங்க?"

அவர் டிவியை நிறுத்தினார். இல்லை என்று சொல்லவில்லை.

"அடுத்த மாசம் அங்க ரோடு போட மண்ணப் பொரட்டப் போறானுங்க. நான் போறேன். நீங்க வந்தா வாங்க. வராட்டி நான் டாக்சி பிடிச்சுப் போய்க்குவேன். அத கேக்காத, இத கேக்காதன்னு இன்னொரு தடவ சொன்னீங்க, நடக்கறதே வேற."

அவர் எழுந்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த காடிச் சாவியை எடுத்தார்.

வழி முழுக்க அவர் பேசியது ஒரே பேச்சு. "தண்ணி எடுத்துக்கிட்டியா?" அவ்வளவுதான். சந்தையில் அந்தப் பெண்ணிடம் நம்பர் வாங்கியிருந்தேன், கிளம்பும்போது போன் போட்டுச் சொல்லியிருந்தேன். அவள் தோட்டத்து முகப்பில் மோட்டாரோடு காத்திருந்து, எங்களுக்கு முன்னால் செம்மண் ரோட்டில் போனாள். நாங்கள் குடியிருந்த லயம் எங்கே இருந்தது என்று நான் தேடினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. ஒரு வீட்டுப் படிக்கட்டு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மாமரம், ஒன்றுகூட மிச்சம் இல்லை. நான் குடித்தனம் நடத்திய இடத்தை அடையாளம் காட்டச் சொன்னால் என்னால் முடிந்திருக்காது.

ஓடைப் பாலத்தில் அவள் மோட்டாரை நிறுத்தினாள். "நேரா மேட்டுல ஏறுங்கக்கா. குச்சி நட்டிருக்குற நெரை. நான் இங்கயே நிக்கிறேன்."

"நீயும் வாயேன், தங்கச்சி."

"வேணாங்கக்கா."

மேலே ஏறினோம். செம்பனைக் காட்டுக்குள் பகல் என்பது பேருக்குத்தான். வெளியே உச்சி வெயில், உள்ளே மழை வரப்போகும் சாயங்காலம் மாதிரி ஒரு மங்கல். காய்ந்த மட்டைகளின் மேல் எங்கள் கால் பட்டு ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் நின்றால் அதுவும் இல்லை. ஒரு குருவி கத்தவில்லை. அவர் எனக்கு முன்னால் போனார். வழி தெரிந்தவர் மாதிரியும் போனார், தெரியாதவர் மாதிரியும் போனார். அடிக்கடி நின்று சுற்றிப் பார்த்தார்.

சிவப்புத் துணி கட்டிய குச்சி முதலில் தெரிந்தது. அதற்கப்புறம் கொடி தெரிந்தது.

நான் நினைத்ததைவிட அது பெரியது. ஏழெட்டு மரங்களின் உடம்பில் மட்டை வெட்டிய கணுக்களைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவி, கீழே தரையெல்லாம் படர்ந்திருந்தது. மருந்து பட்ட பகுதி கருகித் தொங்கியது. அந்தக் கருகலுக்குள்ளிருந்தே புது இலை வந்திருந்தது. பக்கத்து நிரையில் ஒரு தளிர் இல்லை. அதற்கடுத்த நிரையிலும் இல்லை. காய்ந்த காய்கள் தொங்கின. காற்று இல்லை. அந்தப் பெண் சொன்னது சரி. கொடி ஆடிக்கொண்டுதான் இருந்தது, லேசாக. உள்ளே கொட்டைகள் உருளும் சத்தம் முதலில் ஒரு மூலையில் கேட்டது, பிறகு இன்னொரு மூலையில், பிறகு எங்களுக்கு மிகப் பக்கத்தில்.

டக்கென்று ஒரு காய் வெடித்தது. கொட்டை ஒன்று என் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. இன்னொன்று வெடித்தது. அது அவர் காலடியில் விழுந்தது. நான் அம்மா வீட்டு வேலியில் இதைப் பார்த்து வளர்ந்தவள். முற்றிய காய் சூட்டில் முறுக்கிக்கொண்டு வெடிக்கும், கொட்டை தெறிக்கும். அதில் ஓர் அதிசயமும் இல்லை. ஆனால் வேலியில் அது நாலா பக்கமும் தெறிக்கும். இங்கே எல்லாம் எங்கள் பக்கமாகவே வந்து விழுந்தன.

"இங்கதான் எங்கயோ" என்றார் அவர். குரல் அவருடையது மாதிரி இல்லை. அவர் கீழே கிடந்த மட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பெரிய பாறை இருந்துச்சு. அதுக்குக் கீழதான் வச்சோம். பால்மரத்த வெட்டுனப்ப பாறையையும் தள்ளிட்டானுங்க. நான் ஒரு தடவ வந்து தேடுனேன். செம்பனைக் கன்னு வச்ச புதுசு. மண்ண மூடுறதுக்கு வேற ஒரு கொடி போட்டிருந்தானுங்க, கண்டமேனிக்கு எல்லாப் பக்கமும் ஓடிக் கெடந்துச்சு. எது நம்மது, எது அவன் போட்டதுன்னு தெரியல. அழுதுட்டு வந்துட்டேன்."

அவர் அழுதிருக்கிறார் என்பதே எனக்குச் செய்தி. நான் அவர் எதிரில் நின்றேன்.

"வறுத்தது எப்படிங்க மொளைக்கும்?"

 ஒரு காய் வெடித்தது.

"அம்மா வறுத்துக் குடுத்தத ஓடையில கொட்டிட்டேன்" என்றார். "அண்ணன் குழி வெட்டிக்கிட்டு இருந்தாரு, அவரு பாக்கல. கெளம்பறதுக்கு முன்னயே உன் டின்னுலேருந்து ஒரு பிடி அள்ளிச் சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். அதத்தான் போட்டேன்."

"ஏன்?"

"வரட்டும்னுதான்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அவர் தோளில் அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் நான் மட்டும்தான் அந்தப் பிள்ளைக்காக ஏங்கினேன், இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரே தட்டில் சோறு போட்டு, ஒரே பாயில் படுத்து, வெறுத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்ப. மொளைக்காமப் போயிருந்தா?"

அழுதேன். அவரும் அழுதார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதோம். அழுது ஓய்ந்தோம். அதுவரை தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது.

முளைத்துவிட்டதே. முளைத்தால் வா என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்? சொன்னவர்கள் பொய்யாகச் சொல்லியிருக்கலாம். கேட்டவனுக்கு அது பொய் இல்லை. முதல் மழையிலேயே முளைத்திருக்கும். அவன் எழுந்து வந்திருப்பான். ஒவ்வொரு தடவை இது பூத்துக் காய்த்து விழுந்து முளைத்தபோதும், சொன்னபடி மேட்டிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, லயம் இருந்த இடத்துக்கு வந்திருப்பான். நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது அவனுக்கு யார் சொன்னார்கள்? லயத்தை இடித்தது யார் சொன்னார்கள்? வந்து, செம்பனையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏறிப் போய்ப் படுத்துக்கொண்டிருப்பான். யாராவது ஒரு பெண் வந்தால் அவள் பின்னால் பாலம் வரை நடந்திருப்பான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் அது நேர்மாறாகிவிட்டது. நாங்கள் சொன்ன சொல்லைப் பிள்ளை தட்டவில்லை. நாங்கள்தான் வீட்டில் இல்லை.

நான் பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் வாயைக் கிழிப்பவள். அன்றைக்கு அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எடுத்துப் போக அங்கே ஒன்றும் இருக்காது, பச்சைக் குழந்தையின் எலும்பு மண்ணோடு மண்ணாகியிருக்கும் என்றும் தெரியும். அடுத்த மாதம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுத் தார் ஊற்றிவிடுவார்கள். அதற்குமேல் இங்கே ஒன்றும் முளைக்காது. செய்ய முடிந்தது ஒன்றுதான். கொடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சத்தமாகச் சொன்னேன்.

"கண்ணு, அம்மா பேசுறேன். நாங்க இப்ப தோட்டத்துல இல்ல. சுங்கை பட்டாணியில இருக்கோம். இந்த மேட்ட விட்டு எறங்கி, ஓடையத் தாண்டி, செம்மண் ரோட்டுலயே போனா பெரிய ரோடு வரும். அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பிக்க." சொன்ன பிறகுதான் உறைத்தது. சோறே தின்னாத பிள்ளைக்குச் சோத்தாங்கை எது என்று எப்படித் தெரியும்? "சூரியன் சாயுற பக்கம் வாப்பா. ஓரமாவே வா, லாரி வரும். ரொம்பத் தூரம். டவுனுக்குள்ள வந்ததும் ஒரு பெரிய ரவுண்டெபோட்டு வரும், அதச் சுத்தி..."

பின்னால் மட்டை ஒடியும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரவுண்டெபோட்டு இப்ப இல்லலா. எடுத்துட்டு டிராபிக் லைட்டு வச்சிட்டான். அதச் சொல்லாத, பையன் கொழம்பிருவான்."

பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவரே முதலிலிருந்து வழி சொல்ல ஆரம்பித்தார்.